பை பார்த்துக்கொள்கிறவர்

கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரம் போகிற வழியில் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா இருக்கிறது. அதைப் பற்றி என்னைவிட அதிகமாக எழுதியவர் உலகத்தில் இல்லை. போட்டிக்கு ஆளே வரவில்லை என்பதுதான் காரணம் என்று என் மகள் சொல்வாள். "யாருப்பா இப்பல்லாம் பிளாக் எழுதறாங்க? எல்லாரும் ரீல்ஸ் போட்டுட்டிருக்காங்க. அதுவும் தீம் பார்க்க பத்தி, அதுவும் உன் வயசுல!" பெங்களூரில் வேலை பார்க்கிறவள், அவ்வப்போது போன் செய்து என்னை இப்படி உற்சாகப்படுத்துவாள்.

நான் எழுதுவது ராட்டினங்களைப் பற்றி அல்ல. அதை எவன் வேண்டுமானாலும் எழுதுவான். யாரும் கவனிக்காமல் தாண்டிப்போகிற சங்கதிகள்தான் என் இலாகா. படகுச் சவாரியின் முகப்பில் வாயைப் பிளந்துகொண்டிருக்கும் சிமெண்டு முதலைக்கு இடது முன்காலில் ஒரு விரல் அதிகம். அந்த விரலுக்கு மட்டும் எவனோ ஒரு பெயிண்டர் சிவப்பு நகப்பூச்சு போட்டு வைத்திருக்கிறான். எகிப்து மண்டபத்தின் வாசலில் நிற்கும் இரண்டு அரசர்களும் எகிப்தியர்களே அல்ல. மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்துக்காரர் யாரோ செய்திருக்க வேண்டும். ஒருவருக்குக் காது தோள்வரை தொங்குகிறது, இடுப்பு லேசாக ஒடிந்து, கோயில் துவாரபாலகர் மாதிரியே விரலைத் தூக்கி எச்சரிக்கிறார். இன்னொருவருக்கு ஒரு காலத்தில் மீசை இருந்திருக்கிறது. யாரோ அதிகாரி பார்த்துத் திட்டியிருப்பார் போல, பெயிண்ட் அடித்து மறைத்துவிட்டார்கள். சாயங்கால வெயிலில் பக்கவாட்டில் நின்றால் முறுக்கிய நுனி இன்றைக்கும் தெரியும். ஆயுத பூஜையன்று எல்லா ராட்டினத்தின் மோட்டார் பெட்டிக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். குழந்தைகளுக்கான குட்டி ரயிலுக்கு மட்டும் அதோடு கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டும் வைப்பார்கள்.

இவ்வளவு இருக்க, உள்ளே நுழைந்ததும் ஜனங்கள் எதையும் ஏறெடுத்துப் பார்க்காமல் வரிசையைப் பிடிக்கத் தலைதெறிக்க ஓடுவார்கள். அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை ஒரு குடும்பத்தையே மறித்து முதலையின் விரலைக் காட்டியிருக்கிறேன். அந்த வீட்டு ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தன் பர்ஸ் இருக்கிறதா என்று பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சரி, இதெல்லாம் எனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? இங்கேதான் கொஞ்சம் வெட்கப்பட வேண்டியிருக்கிறது. கீழேயே உட்கார்ந்திருந்ததால் தெரிந்தது.

பூங்காவுக்கு வரும் எந்தக் குடும்பத்தை எடுத்துக்கொண்டாலும் அதில் ஒருவர் பை பார்த்துக்கொள்வார். மற்றவர்கள் செருப்பு, செல்போன், கண்ணாடி, ஈரத் துண்டு எல்லாவற்றையும் அவர் மடியில் கொட்டிவிட்டு ஓடுவார்கள். பெரும்பாலும் அவருக்கு முட்டிவலி இருக்கும், அல்லது இருப்பதாகச் சொல்லப்படும். மகள் சிறுமியாக இருந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் பதவி எனக்கு. எனக்கு முட்டிவலி கிடையாது. உயரம் என்றால் பயம். சாதாரண பயம் இல்லை, ஸ்டூலில் ஏறினாலே உள்ளங்கால் கூசி வேர்த்துவிடும் வகை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பல்பு மாற்ற வேண்டுமென்றால், "எலக்ட்ரீஷியன் வேலைய எலக்ட்ரீஷியன்தான் செய்யணும், அவங்க பொழப்பையும் பாக்கணும் இல்ல?" என்று பெரிய மனதுடன் சொல்லிவிடுவேன். மகள் கையைப் பிடித்து இழுக்கும்போது, "நீ போம்மா, பைய யாரு பாத்துக்கறது?" என்பேன். இப்படி வருஷக்கணக்காக ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் முதலையின் விரலை எண்ணாமல் வேறு என்ன செய்வது?

மகள் வேலைக்குப் போனபிறகும் என்னால் அந்த இடத்தை விட முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகவே கிளம்பிப் போனேன். வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார்.

"தனியா வர்ற ஜென்ட்ஸ வுடறதில்ல சார். ஃபேமிலி எங்க?"

"ஃபேமிலி பெங்களூர்ல வேலை பாக்குது," என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தலை நரைத்த ஒரு ஆள் நீச்சல் குளங்கள் நிறைந்த இடத்துக்குள் தனியாகப் போக ஏன் துடிக்கிறான் என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. வந்த வழியே ஸ்கூட்டரைத் திருப்பினேன்.

அதுவரை மகளை நான் மட்டும்தான் கூட்டிப்போவேன்; அப்படித்தான் என் மனைவி இந்தக் கதைக்குள் வந்தாள். அவளுக்கு ஊர் கடப்பாக்கம். அண்ணன் தம்பிகள் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். விடியற்காலையில் அண்ணன் பஸ்ஸில் ஏற்றிவிடும் மீன் பெட்டியை வாங்கி, படூரில் எங்கள் அடுக்குமாடியிலும் பக்கத்து அடுக்குமாடிகளிலும் வாட்ஸப்பில் ஆர்டர் எடுத்து விற்கிறாள். ஐஸ் பெட்டிக்காரன், லோடு ஆட்டோக்காரன், 'சங்கரா மீனு இவ்ளோ ரேட்டா' என்று கேட்கும் ஏழாவது மாடி அம்மாள் என்று யாரும் அவளிடம் வாயைக் கொடுத்து மீண்டதில்லை. நான் பக்கத்துக் கல்லூரியில் பேருந்துகளுக்கு வழித்தடம் போடுகிறவன். டிரைவர் முறைத்தால்கூட வழித்தடத்தை மாற்றிவிடுவேன்.

"ஞாயித்துக்கெழமதான்யா யாவாரமே. அத்த வுட்டுட்டு உன்கூட வந்து மொதலைக்கு நகம் வெட்டணுமா?" என்றாள். ஆனாலும் வந்தாள். மீனையெல்லாம் விற்று முடித்து, எலுமிச்சம்பழத் தோலால் கையைத் தேய்த்துக் கழுவி, என் பின்னால் ஸ்கூட்டரில் ஏறிக்கொள்வாள். வெளிச் சாப்பாடு கூடாது என்று வாசலில் பையைத் துழாவுவார்கள். அவள் வேகவைத்த கடலையைத் துண்டுக்குள் சுற்றி அடியில் வைத்துக் கொண்டுபோய்விடுவாள். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு போனில் சீரியல் பார்த்தபடி கடலையை உரிப்பாள். நான் எழுந்து சுற்றிவிட்டு வந்து, "அந்தத் துவாரபாலகருக்குக் காலில் தண்டை கூட இருக்கு," என்றால், "இருக்கட்டும்," என்பாள். நான் எழுதியதை அவள் படித்ததில்லை. "பேசுறதயே கேக்க முடியல, எழுதுனத வேற படிக்கணுமா?"

என் பதிவுகளுக்கு மெல்ல மெல்ல வாசகர்கள் சேர்ந்தார்கள். கூட்டமெல்லாம் இல்லை, ஒரு ஷேர் ஆட்டோ நிறையும். ஆனால் தீவிரமானவர்கள். பூங்காவின் நடுவில் ஒரு பெரிய கோபுரம் இருக்கிறது. ஆட்களை வட்டமாக உட்காரவைத்து, உச்சிவரை மெதுவாகத் தூக்கி, அங்கே கொஞ்சம் நிறுத்தி, பொத்தென்று கீழே விடுவார்கள். அதன் அடியில் கழற்றிப் போடப்பட்டிருக்கும் செருப்புகளைப் பற்றி ஒரு பதிவு எழுதினேன். மேலே போய் வந்தவர்களில் பாதிப் பேர் புத்தி கலங்கி, அடுத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிடுகிறார்கள் என்று படத்தோடு நிரூபித்திருந்தேன். அதற்கு நல்ல வரவேற்பு. அதோடு ஒரு கேள்வியும் வந்தது: "சார், கோபுரத்தின் மேலே எப்படி இருக்கும் என்று ஏன் எழுதவே இல்லை?"

உண்மையை எழுதியிருக்கலாம். ஒரு வரி போதும். ஆனால் வாசகர் என்று நாலு பேர் சேர்ந்துவிட்டால் மனிதனுக்கு ஒரு மிதப்பு வந்துவிடுகிறது. நான் இப்படி எழுதினேன்: "வீட்டுக்காரம்மாவுக்கு உயரம் என்றால் பயம். அவரைக் கீழே தனியே விட்டுவிட்டு நான் மட்டும் ஏறிப்போக மனம் வரவில்லை. ஆகவே என் பார்வை தரையோடுதான்."

அந்த வரிகளுக்கு வந்த பாராட்டு, முதலைக்குக்கூட வந்ததில்லை. இதயம் இதயமாகப் போட்டார்கள். இப்படி ஒரு கணவரா என்றார் ஒரு அம்மாள். எனக்கு ருசி கண்டுவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு பதிவுக்கு ஒருமுறையாவது என் மனைவியின் பயத்தை எங்காவது செருகிவிடுவேன். ஐஸ் பெட்டிக்காரனை நடுங்கவைக்கிறவளை, இணையத்தில் நடுங்குகிறவளாக்கி, அவள் பக்கத்தில் தியாகியாக நான் உட்கார்ந்துகொண்டேன்.

பிறகு வாசகர்களுக்கு என்னைப் பார்க்க ஆசை வந்தது. பூங்காவிலேயே ஒரு சந்திப்பு வைக்கலாம், எல்லாரும் சேர்ந்து கோபுரத்தில் ஏறலாம், அன்றைக்கு அக்காவுக்கு நாங்கள் துணை இருக்கிறோம், சார் நிம்மதியாக ஏறிவிட்டு வரட்டும் என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். என் உதறல் எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். ஏறினால் உயிர் போகும். ஏறாவிட்டால் மானம் போகும். இரண்டையும்விட, என் மனைவி அங்கே இருப்பாள். யாராவது வாயைத் திறந்தால் நான் எழுதிவைத்த அத்தனையும் அவள் முன்னால் உடையும்.

அவளை விட்டுவிட்டுப் போகப் பார்த்தேன். "வெயிலா இருக்கு, நீ வேணா வீட்ல இரு," என்றேன். "உன் எழுத்தையும் படிக்கிற ஆளுங்க எப்பிடி இருப்பாங்கன்னு நான் பாத்தே ஆவணும்," என்று, மகள் வாங்கிக் கொடுத்திருந்த புதுச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள். கணினிக் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு தம்பி, முதலையின் சிவப்பு நகத்தைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். செங்கல்பட்டில் செருப்புக்கடை வைத்திருக்கும் ஒரு பாய், அவர் மனைவி. செருப்புப் பதிவுதான் அவர்களை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது. எல்லாருக்கும் துவாரபாலகரைக் காட்டினேன். மீசையைக் காட்டினேன். தலைமையாசிரியர் நெகிழ்ந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு மணி நேரம் நான் ராஜாவாக இருந்தேன். பிறகு கோபுரத்தடிக்கு வந்து சேர்ந்தோம்.

"ஏறிடலாமா?" என்று யாரோ கேட்டார்கள். யாரும் அசையவில்லை.

"எனக்குக் கழுத்துத் தேய்மானம்," என்றார் தலைமையாசிரியர். "டாக்டர் கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

"நான் இப்பத்தான் பிரியாணி சாப்பிட்டேன் சார்," என்றார் தம்பி.

"நமக்கு சுகர்ங்க," என்றார் பாய். சர்க்கரைக்கும் கோபுரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. அவரவர் பையை அவரவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது எனக்கு விளங்கிவிட்டது. ராட்டினத்தில் ஏறுகிறவன் எதற்கு என் பதிவைப் படிக்கிறான்? இவர்கள் எல்லாருமே பை பார்த்துக்கொள்கிறவர்கள். எனக்கு வந்த நிம்மதி சொல்லி மாளாது. பிழைத்தோம், அப்படியே கேன்டீன் பக்கம் நகர்த்திக்கொண்டு போய்விடலாம் என்று வாயெடுத்தேன்.

அதற்குள் பாயின் மனைவி என் மனைவியின் தோளைத் தொட்டார். "அக்கா, நீங்க பயப்படாதீங்க. நாங்கல்லாம் உங்க கூடவே நிக்கிறோம், சார மட்டும் அனுப்புங்க. உங்களுக்கு உயரம்னா பயம்னுட்டு, பாவம், அவரு இத்தன வருஷமா ஏறாமலே உக்காந்திருக்காராமே. எத்தன எடத்துல எழுதியிருக்காரு தெரியுமா? படிச்சிட்டு நான் அழுதே போயிட்டேன்."

என் முகத்தில் ஈயாடவில்லை. என் மனைவி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். எடைபோடும்போது கட்டைவிரலைத் தராசில் வைக்கிற வியாபாரியை அவள் பார்க்கிற பார்வை அது என்று நினைத்தேன். நான் கோபுரத்தின் போல்ட்டுகளை உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன்.

அவள் கைப்பையைக் கழற்றி என் தோளில் மாட்டினாள். துப்பட்டாவை எடுத்து மடித்து என் கையில் வைத்தாள். "புடிங்க," என்றாள். ஊரார் முன்னால் மட்டும்தான் எனக்கு இந்த 'ங்க' கிடைக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு, நேராக வரிசையில் போய் நின்றுகொண்டாள்.

தம்பி செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார். கோபுரம் அவளைத் தூக்கிக்கொண்டு போனது. அவள் முகம் சின்னதாகி, பொட்டளவாகி, பிறகு தெரியவில்லை. எனக்கு அந்த நேரத்தில் அவளைப் பற்றிக் கவலை இருந்தது என்று சொன்னால் பொய். இறங்கி வந்ததும் என்னை என்ன செய்வாள் என்பதுதான் என் கவலை. 'இவருதான் பயந்தாங்கொள்ளி, என் தலையில போட்டுட்டாரு' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. மேலேயிருந்து ஒரே அலறல், யார் குரல் என்று தெரியவில்லை. இருக்கைகள் பொத்தென்று கீழே வந்து நின்றன.

இறங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். "அக்கா, சாதிச்சிட்டீங்க!" என்று பாயின் மனைவி கட்டிக்கொண்டார். "எல்லாம் சாரோட அன்புதான்," என்றார் தலைமையாசிரியர். என் மனைவி அவர்களைப் பார்த்து, "ஆமாங்க," என்றாள். என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். அதற்குப் பிறகு யாரும் என்னை ஏறச் சொல்லவில்லை. அவளைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வதிலேயே அவர்களுக்கு நேரம் போய்விட்டது.

ஸ்கூட்டரில் வீடு திரும்பினோம். கோவளத்தில் திரும்பி, கேளம்பாக்கம் வரும்வரை பின்னாலிருந்து சத்தமே இல்லை. கத்துகிறவள் கத்தாமல் வந்தால் அதைவிட பேஜார் எதுவும் கிடையாது. நான் மனத்துக்குள் வாதங்களைத் தயார் செய்துகொண்டே வந்தேன். எழுத்தில் கொஞ்சம் கற்பனை இருக்கும், இணையத்தில் எல்லாரும் அப்படித்தான், பெயர் போடவில்லையே. எல்லாமே எனக்கே கேவலமாக இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும், "போன எடு," என்றாள். "என்ன பத்தி எழுதுனத படி."

படித்தேன். பயம் வரும் இடங்களைத் தாண்டித் தாண்டிப் படித்தேன்.

"நடுவுல எங்கியோ முழுங்குற. அத்த படி."

வேறு வழியில்லை. வீட்டுக்காரம்மாவுக்கு உயரம் என்றால் பயம் என்று தொடங்கி, மனம் வரவில்லை என்பதுவரை, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்று படித்தேன். படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இது உனக்கு எப்பிடிய்யா தெரியும்?" என்றாள்.

"எது?"

"எனக்குப் பயம்னு. எங்கம்மாவுக்குத் தெரியாது, எங்கண்ணனுக்குத் தெரியாது. நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல."

நிமிர்ந்து பார்த்தேன். அவள் கோபமாக இல்லை. கண் கலங்கியிருந்தது.

அவளே சொன்னாள். சின்ன வயதில் கடப்பாக்கத்துப் பிள்ளைகளெல்லாம் ஆலம்பரைக் கோட்டையின் உடைந்த சுவரில் ஏறி மணலில் குதித்து விளையாடுவார்களாம். இவளும் ஒரு நாள் ஏறிவிட்டாள். கீழே பார்த்ததும் கை கால் வரவில்லை. "எறங்க முடியாம அங்கியே ஒக்காந்துகினு கீறேன். கேட்டவங்ககிட்டல்லாம் அப்பாவோட போட்டு கடல்லேந்து வருதான்னு பாக்குறேன்னேன். பொழுது சாய்ஞ்சி எங்கண்ணன் வந்து தூக்கினு போனான். அவனுக்குக்கூட தூக்கம் வருதுன்னுதான் சொன்னேன். இந்த வூடு வாங்கசொல்ல நாலாவது மாடின்னாங்க. பால்கனிப் பக்கம் நான் போனதே இல்ல. துணி காயப்போட ஏன் வரமாட்டேன்றன்னு நீ ஒரு நாளாவது கேட்டிருப்பியா? நீயே எடுத்துகினு போயி காயப்போடுவ. இன்னாடா இந்த மனுசன் கேக்கவே மாட்டேன்றானேன்னு நெனச்சுகினு இருந்தேன். இப்பத்தான் புரியுது."

அவளுக்குப் புரிந்தது எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. அவள் பால்கனிக்குப் போவதில்லை என்பதை நான் கவனித்ததே கிடையாது. காலையில் அவளுக்கு மீன் வேலை, நான் சும்மா இருக்கிறேன், அதனால் துணி என் பொறுப்பு. அதையும் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுவரிலேயே வைத்துக்கொண்டுதான் காயப்போடுவேன். பாதித் துணி மூன்றாவது மாடியில் போய் விழும். சிமெண்டு முதலைக்கு விரலை எண்ணியவனின் வீட்டு நிலவரம் இது.

"அப்ப ஏன் இன்னிக்கு ஏறின?" என்றேன்.

"பின்ன? எனக்காவ இத்தினி வருசமா நீ ஏறாம கீழயே ஒக்காந்துகினு கீற. அந்தம்மா சொன்னதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சி. ஒரு தபா நான் ஏறிக் காட்டிட்டா நீ நிம்மதியா ஏறுவியேன்னுதான் ஏறினேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உசுரு தொண்டையில வந்து நின்னுச்சி. அது போவட்டும். வர்ற ஞாயித்துக்கெழம நீ ஏறு. பைய நான் பாத்துக்கறேன்."

அந்த வாரம் முழுக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. தினமும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எழுவேன். அவள் அடுப்படியில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். இருபத்தைந்து வருஷம் கூடவே இருந்தவன் சொல்லாமலேயே தன் பயத்தைத் தெரிந்துவைத்திருந்தான் என்ற சந்தோஷம் அது. அதை எப்படிப் பிடுங்குவது? மீன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம், "எங்க வூட்டுக்காரரு வர்ற வாரம் பெரிய கோபுரத்துல ஏறப்போறாரு," என்று வஞ்சிர மீனோடு சேர்த்துச் சொல்லி அனுப்பினாள். அண்ணனுக்கு போன் போட்டுச் சொன்னாள். மழைக்கு வேண்டிக்கொண்டேன். வானம் பளிச்சென்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்றேன். திரும்பிப் பார்த்தேன். பெஞ்சில் இரண்டு பையையும் மடியில் வைத்துக்கொண்டு அவள் கையாட்டினாள். இப்போதுகூடப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிட ஏறிவிடுவது சுலபமாகத் தோன்றியது. தோளின் மேல் கம்பி வந்து இறங்கி, 'டக்' என்று பூட்டிக்கொண்டபிறகுதான் அந்தக் கணக்கு தப்பு என்று தெரிந்தது.

மேலே எப்படி இருந்தது என்று இப்போதும் என்னால் எழுத முடியாது. கண்ணைத் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண், "அங்கிள், இன்னும் மேலயே போகல, அதுக்குள்ள கத்தறீங்க," என்றது மட்டும் காதில் விழுந்தது. பிறகு வயிறு ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக வந்தோம்.

கம்பியைத் தூக்கிவிட்டதும் எழுந்தேன். நாலு எட்டு வைத்தேன். வழியோரத்துக் கல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கை வெடவெடவென்று நடுங்கியது, மடியில் வைத்து அழுத்தினாலும் நிற்கவில்லை. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

அவள் சிரித்துக்கொண்டேதான் ஓடிவந்தாள். கிட்டே வந்ததும் சிரிப்பு நின்றது. என் கையைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். பைகளைத் தரையில் போட்டுவிட்டு எனக்கு எதிரில் குந்தி உட்கார்ந்தாள்.

"இன்னாய்யா," என்றாள் மெதுவாக. "உனக்குமா?"

தலையை ஆட்டினேன்.

"எத்தினி நாளா?"

"எப்பவுமே."

அவள் பெஞ்சை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் அவள் மனத்தில் வேறு மாதிரி அடுக்கப்படுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வசவு விழும் என்று காத்திருந்தேன். விழுந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்ப நான் இன்னாத்துக்குய்யா ஏறினேன்?" என்றாள்.

எனக்காகத்தான் ஏறினாள். அவளும் அதைத் தெரியாமல் கேட்கவில்லை. வாயைத் திறந்தேன், வார்த்தைக்குப் பதில் அழுகை வந்துவிட்டது. ஜனங்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு அடுத்த வரிசைக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். அவள் என் நடுங்குகிற கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையும் நடுங்கிக்கொண்டிருந்தது.